நாய்க்குட்டி சரியாக வளர்கிறதா? தராசும் நோட்டும் வைத்து வீட்டிலேயே கவனிப்பது

வயிற்றில் பூச்சி இருந்தாலும், தீவனம் போதாமல் இருந்தாலும், உண்ணிக் காய்ச்சல் உள்ளே ஊறிக்கொண்டிருந்தாலும் குட்டி வாலை ஆட்டிக்கொண்டுதான் ஓடி வரும். அது சோர்ந்து மூலையில் படுப்பதற்குப் பல நாள் முன்பே எடை ஏறாமல் நின்றுவிடும். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைத்தவர்களுக்கு அது கண்ணில் படும். எழுதாதவர்கள் குட்டி படுத்த பிறகுதான் பதறுவார்கள்.

மருந்துக்கும் எடை வேண்டும். பூச்சி மருந்து, உண்ணி மருந்து, காய்ச்சல் மருந்து எல்லாமே கிலோ கணக்கில்தான். 3 கிலோ குட்டியைப் பார்த்து "அஞ்சு கிலோ இருக்கும்" என்று கண் மதிப்பில் சொன்னால், ஒன்றரை மடங்குக்கும் மேல் மருந்து உள்ளே போகும். கண் மதிப்பு எப்போதும் தவறும், அதிலும் முடி அடர்ந்த குட்டிகளில் நிறையவே தவறும்.

முதலில் வயதைச் சரிபாருங்கள்

எடை சரியா என்று சொல்ல வயது சரியாகத் தெரிய வேண்டும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதனால் 5 வாரக் குட்டியை "ரெண்டு மாசம்" என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரக் குட்டிக்குப் பால் பற்கள் 28ம் பெரும்பாலும் வந்திருக்கும். கடைவாய்ப் பக்கம் ஈறு வெறுமையாக இருந்தால் வயது அதைவிடக் குறைவு. முன்பற்கள் விழுந்து பெரிய பற்கள் எட்டிப் பார்த்தால் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு மூன்று வாரம் தவறாகச் சொல்லப்பட்ட குட்டியை "வளர்ச்சி இல்லை" என்று நினைத்து மேலும் மேலும் ஊட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எந்தத் தராசு

5 கிலோ வரைக்கும் சமையலறை டிஜிட்டல் தராசு மிகச் சரியானது. 1 கிராம் வரை காட்டும். மேல்தட்டு சிறியது என்பதால் அதன்மேல் ஓர் அகலமான பிளாஸ்டிக் டப்பை வைத்துக்கொள்ள வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம். கால் வழுக்கும், நகம் பட்டு வரும் சத்தத்தில் குட்டி மிரளும்.

தராசின் உச்ச அளவைத் தாண்டியதும் ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் லக்கேஜ் தராசு கைகொடுக்கும். ஒரு பெரிய கட்டைப்பைக்குள் துண்டை மடித்துப் போட்டு, குட்டியை உட்கார வைத்து, இரண்டு கைப்பிடியையும் கொக்கியில் மாட்டி, மெத்தைக்கு மேல் நாலு விரல் உயரம் மட்டும் தூக்கிப் பாருங்கள். காலி பையின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம். கழுத்துப் பட்டையிலோ மார்புப் பட்டையிலோ கொக்கி மாட்டித் தூக்கவே கூடாது. 10 கிலோவுக்கு மேல் பை முறை வேண்டாம். குட்டி துள்ளினால் கையில் நிற்காது.

அதன் பிறகு ஆட்கள் ஏறி நிற்கும் வெயிட் மெஷின். தனியாக ஏறிப் பார்த்து, குட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறிப் பார்த்துக் கழிக்க வேண்டும். இந்த மெஷின்கள் பெரும்பாலும் 100 கிராம் படியில்தான் காட்டும். இரண்டு முறை ஏறுவதால் பிழையும் இரண்டு முறை சேரும். 15 கிலோ லேப்ரடாருக்கு இது பரவாயில்லை. 3 கிலோ குட்டிக்கு 200 கிராம் பிழை என்றால் பாதி வார வளர்ச்சியே கணக்கில் காணாமல் போய்விடும். ஆகவே சின்னக் குட்டிக்கு இதை நம்பாதீர்கள்.

முத்திரை போட்ட மளிகைக் கடைத் தராசிலும், கால்நடை மருத்துவமனைத் தராசிலும் எடை பார்க்கலாம். ஆனால் தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே தரையில் இறக்க வேண்டாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைத்துக் குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டிலிருந்து ஒரு துணியைக் கொண்டுபோய்த் தராசின்மேல் விரித்து, குட்டியை அதன்மேல் வைத்துவிட்டு, அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். அந்தத் துணியை வீட்டுக்குள் கொண்டுவராமல் அங்கேயே போட்டுவிடலாம்.

தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பிரிக்காத 1 கிலோ உப்பு பாக்கெட் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் குட்டியை வைப்பதற்கு முன் அதை வைத்துப் பாருங்கள். போன வாரம் 1,008 காட்டியது இந்த வாரம் 1,060 காட்டினால் பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது தரை சமமாக இல்லை. தராசு 10 கிராம் கூடுதலாகக் காட்டினாலும் கெடுதல் இல்லை, ஆனால் எல்லா வாரமும் அதே 10 கிராமாக இருக்க வேண்டும்.

எடை போடும் முறை

1. காலையில், குட்டி மூத்திரமும் மலமும் போன பிறகு, முதல் சாப்பாட்டுக்கு முன் போடுங்கள். 4 கிலோ குட்டி ஒரு வேளைக்கு 50 கிராம் தீவனம் தின்று 150 மில்லி தண்ணீர் குடித்தால் உடனே 200 கிராம் கூடிவிடும். ஒரு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் மறுவாரம் பின்னும் எடை போட்டால், அந்த இரண்டு எண்ணையும் ஒப்பிடவே முடியாது.

2. தராசைக் கெட்டியான தரையில் வையுங்கள். பாய், கம்பளம், மெத்தை மேல் வைத்தால் எண் தவறாகவும் மாறிமாறியும் வரும். மேசை மேல் வைக்கவே வேண்டாம். அந்த உயரத்திலிருந்து குதித்தாலே சின்னக் குட்டியின் முன்னங்கால் எலும்பு முறியும்.

3. டப்பை வைத்து, உள்ளே பழைய துண்டை விரித்து, டேர் பொத்தானை அழுத்தி எண் பூஜ்யம் ஆனதைப் பாருங்கள்.

4. கழுத்துப் பட்டை, மணி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

5. குட்டியை வைக்கும்போது டப்பின் உள்விளிம்பில் கெட்டித் தயிர் ஒரு சொட்டுத் தடவியிருங்கள். அதை நக்கிக்கொண்டு பத்து நொடி அசையாமல் நிற்கும். உங்கள் கை அருகில் இருக்கட்டும், ஆனால் குட்டியையோ டப்பையோ தொடக்கூடாது.

6. மூன்று முறை எடுத்துவிட்டு, நடு எண்ணைக் குறியுங்கள். உதாரணமாக 4.58, 4.60, 4.66 வந்தால் 4.60.

7. உடனே எழுதுங்கள். தேதி, வயது வாரத்தில், எடை, கூடுதல் எவ்வளவு, அந்த வாரம் ஒரு நாளைக்குக் கொடுத்த தீவனம் எத்தனை கிராம், மலம் எப்படி, என்ன மருந்து அல்லது ஊசி. கடைசி மூன்று கட்டங்களை நிரப்ப அலுப்பாக இருக்கும். எடை நிற்கும் வாரத்தில் மருத்துவர் கேட்கப் போவது அந்த மூன்றைத்தான்.

16 வாரம் வரை வாரம் ஒருமுறை, 4 முதல் 6 மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஒரு வயது வரை மாதம் ஒருமுறை போதும். தினமும் எடை போட்டுக் கவலைப்பட வேண்டாம். ஆரோக்கியமான குட்டியின் எடையும் நாளுக்கு நாள் 100, 150 கிராம் மேலும் கீழும் ஆடும். குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாள், தாயைப் பிரிந்த ஏக்கத்திலும் பயண அலுப்பிலும் சரியாகச் சாப்பிடாது. அந்த நாட்களில் எடை நின்றால் பயப்படாதீர்கள். நாலாம் நாளும் ஏறவில்லை என்றால் கவனியுங்கள்.

வீட்டிலேயே ஈன்ற குட்டிகளுக்குக் கணக்கு வேறு. பிறந்த எடையை முதல் நாளே எடுத்து, இரண்டு வாரம் தினமும் அதே நேரத்தில் எடை போட வேண்டும். நாளொன்றுக்குப் பிறந்த எடையில் சுமார் 10 சதவீதம் ஏறி, சுமார் 10 நாளில் இரட்டிப்பாக வேண்டும். முதல் நாள் சிறிது குறையலாம். இரண்டாம் நாளும் குறைந்தால் அது பால் கிடைக்காத குட்டி. ஒரே நிறக் குட்டிகளை அடையாளம் காண முதுகு முடியில் வெவ்வேறு இடத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வையுங்கள். கழுத்தில் நூல் கட்டினால் இறுகிவிடும். பால் போதாத குட்டிக்குப் பசும்பால் ஈடாகாது. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடரைத்தான் கலக்கிக் கொடுக்க வேண்டும். குட்டியின் உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்றிவிட்டுப் பிறகு பால் கொடுங்கள். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது.

எவ்வளவு கூட வேண்டும்

முதல் ஐந்து மாதத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. குட்டி வளர்ந்து ஆளானால் எத்தனை கிலோ இருக்குமோ, அதில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம். 30 கிலோ ஆகப்போகும் லேப்ரடார் குட்டி நாளைக்கு 60 முதல் 120 கிராம் ஏற வேண்டும். 24 கிலோ ஆகப்போகும் ராஜபாளையம் குட்டிக்கு 48 முதல் 96 கிராம், அதாவது வாரத்துக்கு 340 முதல் 670 கிராம். 7 கிலோ ஆகப்போகும் பக் குட்டிக்கு 14 முதல் 28 கிராம்தான். பக் குட்டி வாரத்துக்கு 150 கிராம் ஏறுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு லேப்ரடாரோடு ஒப்பிட்டு வருந்துவது வீண்.

நாட்டு நாய்க்குட்டி என்றால் கடைசி எடை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தாயைப் பார்க்க முடிந்தால் அதுவே நல்ல அளவுகோல். முடியாவிட்டால் 18 கிலோ என்று தோராயமாக வைத்துத் தொடங்குங்கள். நடுத்தர உடம்புள்ள நாய் நாலரை முதல் ஐந்து மாதத்தில் தன் முழு எடையில் பாதியைத் தொடும். அந்த வயதில் வரும் எடையை இரட்டித்தால் கிட்டத்தட்ட உண்மை தெரிந்துவிடும்.

ஒரு ராஜபாளையம் பெண் குட்டியின் நோட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

8 வாரம்: 4.10 கிலோ
9 வாரம்: 4.60 (கூடுதல் 500 கிராம்)
10 வாரம்: 5.15 (550)
11 வாரம்: 5.35 (200)
12 வாரம்: 5.40 (50)

12ஆம் வாரம் வரை எடை குறையவே இல்லை. "ஏறிக்கொண்டுதானே இருக்கிறது" என்று விட்டுவிடத் தோன்றும். கூடுதல் என்ற கட்டத்தைப் பாருங்கள். 550, 200, 50. 11ஆம் வாரமே பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. ஒரு வாரம் குறைந்தால் தீவன அளவையும் மலத்தையும் பாருங்கள், இரண்டாம் வாரமும் குறைந்தால் மலத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எடையைவிடக் கூடுதலைப் படிக்கப் பழகுவதுதான் இந்த வேலையில் பாதி.

12 வாரத்துக்குப் பிறகு வளர்ச்சி வரைபடமும் உதவும். செல்லப்பிராணிகளைப் பற்றி ஆராயும் வால்தம் மையத்தினர் 2017இல் வெளியிட்ட வரைபடங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, முழு வளர்ச்சியில் 40 கிலோ வரையுள்ள ஐந்து உடலளவுகளுக்கு இருக்கின்றன. 12 வாரம் முதல் 2 வயது வரை கோடுகள் போகும். குட்டியின் புள்ளிகள் எந்தக் கோட்டை ஒட்டிப் போனாலும் சரி, மேல் கோடானாலும் கீழ்க் கோடானாலும். அதே கோட்டை விடாமல் ஒட்டிப் போக வேண்டும். மேலேயோ கீழேயோ இரண்டு கோடுகளைத் தாண்டினால் மருத்துவரைக் கேளுங்கள். கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்களுக்கு இந்த வரைபடம் பொருந்தாது.

கை வைத்துப் பார்ப்பது

தராசு கிலோவைச் சொல்லும். அது சதையா கொழுப்பா தண்ணீரா என்பதைக் கைதான் சொல்லும். எடை போட்ட கையோடு விலாவில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தாமல் வைத்துத் தடவுங்கள். உங்கள் சொந்தக் கையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளைத் தடவினால் வரும் மேடுபள்ளம் விலாவிலும் வந்தால் குட்டி மெலிவு. கையை நீட்டிப் புறங்கையைத் தடவும்போது எலும்பு லேசாகத் தட்டுப்படுமே, அப்படி இருந்தால் சரி. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின் இடுப்பு சற்று உள்வாங்க வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டை ஓட்டத்துக்கு வார்த்த உடம்பு. ஆரோக்கியமாக இருக்கும்போதே கடைசி இரண்டு மூன்று விலா வெளியே தெரியும். மூன்று மாதத்துக்கு மேல் கால் நீண்டு இன்னும் ஒல்லியாகத் தோன்றும். "எலும்பும் தோலுமா இருக்கு" என்று வருபவர் போகிறவர் சொல்வதைக் கேட்டு நெய்ச் சோறு ஊட்டாதீர்கள். முதுகெலும்பு முள்முள்ளாகத் துருத்தி, தொடையில் சதை குழிந்திருந்தால் மட்டுமே அது மெலிவு.

வயிறு சாப்பிட்டவுடன் உப்புவது இயல்பு. காலையில் வெறும் வயிற்றிலும் பானை போல் உப்பி, விலா மட்டும் தெரிந்தால் உருண்டைப் புழு என்று சந்தேகியுங்கள். கூடவே பல் ஈறுகளையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தால் கொக்கிப் புழுவோ உண்ணியோ இரத்தத்தைக் குடிக்கிறது. காது மடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி தேடுங்கள்.

எடை ஏறாவிட்டால்

நம் வீடுகளில் முதல் காரணம் பால் சோறு. 5 கிலோ எடையுள்ள இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு நாளைக்குச் சுமார் 700 கலோரி வேண்டும். 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான், புரதம் 3 கிராம்கூட இல்லை. அரைக் கிலோவுக்கு மேல் சோறு தின்றால்தான் கணக்கு நிரம்பும். அந்த வயிற்றில் அவ்வளவு இடம் இல்லை. குட்டிகளுக்கான உலர் தீவனத்தில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி. நாளைக்கு 180 முதல் 200 கிராமை நாலு வேளையாகப் பிரித்தால் போதும். டம்ளர் கணக்கில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரே டம்ளரில் சின்ன உருண்டை ஓர் எடை, பெரிய உருண்டை வேறு எடை.

பாக்கெட்டின் பின்னால் உள்ள அட்டவணையைப் படிப்பதிலும் ஒரு சிக்கல். சில கம்பெனிகள் குட்டியின் இன்றைய எடைக்கு அளவு போடும். சில கம்பெனிகள் வளர்ந்த பிறகு வரும் எடையையும் வயதையும் வைத்துப் போடும். இரண்டாவது வகை அட்டவணையில் இன்றைய 5 கிலோவைத் தேடினால், 5 கிலோ மட்டுமே ஆகும் குட்டி நாய்க்கான அளவு கிடைக்கும். லேப்ரடார் குட்டி பட்டினி கிடக்கும். தலைப்பை நிதானமாகப் படியுங்கள்.

அடுத்தது பூச்சி. 2, 4, 6, 8 வாரங்களிலும் பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறையும் மருந்து கொடுப்பது வழக்கம். ஒரே தடவை கொடுத்துவிட்டு "பூச்சி மருந்து ஆச்சு" என்று நிறுத்துவதால்தான் எடை மறுபடி நிற்கிறது. முதல் தடவை குடலில் இருக்கும் புழு சாகும். உடம்புக்குள் அலையும் இளம் புழுக்கள் பிறகுதான் குடலுக்கு வந்து சேரும்.

இரண்டு நாய் இருக்கும் வீட்டில் தட்டைத் தனித்தனி அறையில் வைத்துப் பாருங்கள். பெரியது குட்டியின் பங்கைத் தின்றுகொண்டிருக்கலாம்.

எடை ஏறாமல் நிற்பதற்கு ஒரு வாரம் அவகாசம் உண்டு. எடை இறங்கினால் அவகாசம் இல்லை. ஒரே நாளில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 4 கிலோ குட்டி 200 கிராம் இழந்து, வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது உடம்பிலிருந்து போன தண்ணீர். பார்வோ இப்படித்தான் தொடங்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டி அரை நாள் எதையும் தொடவில்லை என்றாலும் மருத்துவரை அழையுங்கள். சிவாவா, பொமரேனியன் போன்ற சின்ன இனக் குட்டிகளுக்கு ஆறேழு மணி நேரப் பட்டினியிலேயே சர்க்கரை இறங்கித் தள்ளாடும். பல் ஈறுகளில் தேன் அல்லது குளுக்கோஸ் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எடை வேகமாக ஏறினால்

இதைப் பற்றித்தான் யாரும் கவலைப்படுவதில்லை. கொழுகொழு குட்டியைக் கொஞ்சத் தோன்றும், இன்னும் ஒரு கைப்பிடி போடத் தோன்றும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் குட்டிகளுக்கு அந்தக் கைப்பிடிதான் கேடு. எலும்பு இன்னும் மென்மையாக இருக்கும்போது உடம்பின் பாரம் ஏறினால் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் கோணலாக வளரும். 48 லேப்ரடார்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவு வெளியான ஆய்வில், பாதி நாய்களுக்கு அவற்றின் ஜோடியைவிட 25 சதவீதம் குறைவாகத் தீவனம் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் நடு ஆயுள் 13 ஆண்டு, நிறையத் தின்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்வும் தள்ளித்தான் வந்தது. ஆகவே பெரிய இனக் குட்டி, ஆளானபின் வரும் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்ற மேல் வரம்பைத் தொடர்ந்து தாண்டினால், விலாவும் கைக்குத் தட்டுப்படாவிட்டால், தீவனத்தை 10 சதவீதம் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். பட்டென்று பாதியாகக் குறைக்க வேண்டாம்.

கால்சியம் சிரப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முழுமையான குட்டித் தீவனம் தின்னும் பெரிய இனக் குட்டிக்கு அது தேவையில்லை, கெடுதலும்கூட. ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது, கொடுத்ததெல்லாம் உள்ளே போய் எலும்பு வளர்ச்சியைக் குலைக்கும். எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும் மட்டுமே தின்னும் குட்டிக்கோ நேர்மாறான ஆபத்து. கால்சியம் இல்லாமல் எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்தாலே முறியும். வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்றால் கால்சியம் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எடை சரியாக ஏறினாலும், முன்னங்கால் மணிக்கட்டு முன்னோக்கி வளைந்தாலோ பாதம் தட்டையாகப் பரவினாலோ காட்டிவிடுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையும் இதை மோசமாக்கும். குட்டி புழங்கும் இடத்தில் ரப்பர் பாய் விரியுங்கள்.

உயரம் அளக்க வேண்டுமானால் மாதம் ஒருமுறை போதும். சுவரோரம் நேராக நிற்க வைத்து, தோள்பட்டை மேட்டின்மேல் ஸ்கேலைப் படுக்க வைத்துச் சுவரில் பென்சில் கோடு போடுங்கள். உயரம் ஏறி எடை சற்றுப் பின்தங்கும் மாதங்கள் வரும், அது தவறில்லை. உயரமும் எடையும் சேர்ந்து நின்றால் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

சின்ன இனங்கள் 9 முதல் 12 மாதத்திலும், நடுத்தர இனங்கள் ஒரு வயதை ஒட்டியும், பெரிய இனங்கள் 15 முதல் 18 மாதத்திலும் வளர்ச்சியை முடிக்கும். மூன்று மாதம் தொடர்ந்து எடை ஒரே இடத்தில் நின்று, விலா புறங்கை போலத் தட்டுப்பட்டால் குட்டித் தீவனத்திலிருந்து பெரிய நாய்த் தீவனத்துக்கு மாற்றலாம். முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால் என்று ஏழு நாளில் மாற்றினால் வயிறு கெடாது. கருத்தடை செய்த நாய்க்குப் பசி கூடும், தேவை குறையும். அந்த அறுவைக்குப் பிறகு ஆறு மாதம் மறுபடி மாதா மாதம் எடை போடுங்கள்.